வாசலில் நிற்கும் கொலைகாரனும் கிளாகன்ஃபுர்ட்டிலிருந்து வந்த கடிதங்களும்

காண்ட் பற்றி ஒரே ஒரு விஷயம் மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்கும். உங்கள் நண்பன் ஓடிவந்து உங்கள் வீட்டுக்குள் ஒளிந்துகொள்கிறான். அவனைக் கொல்லத் துரத்தி வந்தவன் கதவைத் தட்டி, அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். இல்லை என்று பொய் சொல்லலாமா? கூடாது என்கிறார் இமானுவேல் காண்ட். கேட்டவுடன் எல்லோருக்கும் சிரிப்பு வரும். இருபதாம் நூற்றாண்டுக்குப் பிறகு வகுப்பறைகளில் கொலைகாரன் இருந்த இடத்தில் நாஜி போலீஸும், நண்பன் இருந்த இடத்தில் யூதக் குடும்பமும் வந்துவிட்டார்கள். சிரிப்பு நின்று கோபம் வந்தது. எப்படியானாலும் கதையின் முடிவு ஒன்றுதான்: பாருங்க, விதி விதி என்று பிடித்துத் தொங்கினால் இப்படித்தான் ஆகும். அடுத்த பாடம், ஜான் ஸ்டூவர்ட் மில்.

இந்தக் கதையை வைத்து காண்ட்டைத் தள்ளுபடி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. காரணம் இரண்டு. முதலாவது, அந்த வாதம் சிரிப்பவர்கள் நினைக்கும் அளவுக்கு நோஞ்சான் கிடையாது. இரண்டாவதுதான் முக்கியம். காண்ட்டின் அறவியல் உண்மையிலேயே உடைகிற இடம் ஒன்று இருக்கிறது, அது இந்தக் கற்பனை வாசல் அல்ல. அவருடைய நிஜ வீட்டு வாசலுக்கு, நிஜமான ஒரு பெண் எழுதி, நிஜமாகவே வந்து சேர்ந்த கடிதங்கள். காண்ட்டின் கடிதத் தொகுப்பை ஆர்னுல்ஃப் ஸ்வைகின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வார இறுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து வருகிறேன். அதிலிருந்து எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் வாசல் கதை. இது காண்ட் தானாக யோசித்த உதாரணம் இல்லை, அவர் தலையில் கட்டப்பட்டது. 1797-ல் பெஞ்சமான் கோன்ஸ்தான் என்ற அரசியல் எழுத்தாளர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில், துரத்தி வரும் கொலைகாரர்களிடம்கூடப் பொய் சொல்வது குற்றம் என்று ஒரு ஜெர்மன் தத்துவவாதி சொல்லும் அளவுக்குப் போய்விட்டார் என்று எழுதினார். பெயர் சொல்லவில்லை. ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பதிப்பித்தவர் அது காண்ட்தான் என்று குறிப்புப் போட்டார். காண்ட் என்ன செய்தார் தெரியுமா? இதை எங்கே சொன்னேன் என்று நினைவில்லை, ஆனால் எங்கோ சொல்லியிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, அதே வருடம் பதில் கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 73. தலைப்பையே, மனித நேயத்தால் பொய் சொல்ல இருப்பதாகக் கருதப்படும் உரிமை பற்றி என்று வைத்தார். அச்சில் சில பக்கங்கள்தான் வரும். இருநூறு வருடமாக அவர் பெயரைக் கெடுத்துக்கொண்டிருப்பது இந்தச் சில பக்கங்கள்தான்!

கோன்ஸ்தான் சும்மா ஒரு புதிர் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் எழுதியபோது பிரான்சில் பயங்கர ஆட்சி முடிந்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. யார் வீட்டில் யார் ஒளிந்திருக்கிறார் என்று கதவைத் தட்டிக் கேட்ட காலம் அது. பதில் சொன்னவர்களும், அந்தப் பதிலால் கில்லட்டினுக்குப் போனவர்களும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஆட்கள். அவருடைய வாதம் இது: பொதுக் கொள்கை எவ்வளவு சரியாக இருந்தாலும், அதை நேராகக் கொண்டுவந்து நடைமுறையில் போட்டால் நாசம்தான் வரும், நடுவில் இணைப்புக் கொள்கைகள் வேண்டும். உண்மை சொல்வது கடமை என்ற கொள்கைக்கு அவர் கொடுத்த இணைப்பு: உண்மையைப் பெற உரிமை உள்ளவனிடம் மட்டுமே அந்தக் கடமை, அடுத்தவனுக்குத் தீங்கு செய்ய வந்தவனுக்கு அந்த உரிமை கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. புதிதும் அல்ல. 1625-லேயே டச்சு சட்ட அறிஞர் ஹூகோ குரோஷியஸ் கிட்டத்தட்ட இதே பாதையில் யோசித்திருக்கிறார்.

காண்ட் கேட்பது ஒரு சட்டக்காரனின் கேள்வி. உண்மை என்ன ஒரு சொத்தா, இவனுக்கு உரிமை உண்டு, அவனுக்கு இல்லை என்று பிரித்துக் கொடுக்க? நான் சொல்வது உண்மையா பொய்யா என்பது என் விருப்பத்தில் கிடையாது, ஆனால் நான் நம்புவதைச் சொல்கிறேனா என்பது என் கையில் இருக்கிறது. அதுதான் வாய்மை. அதைக் கேட்பவனைப் பார்த்து ஆன் செய்து ஆஃப் செய்தால், மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் எந்த வாக்குமூலத்துக்கும், எந்த ஒப்பந்தத்துக்கும் அடியில் தரை இருக்காது. பாதிக்கப்படுவது வாசலில் நிற்கும் அந்த ஆள் இல்லை, மனித குலம் முழுவதும்.

இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் கோன்ஸ்தானின் இணைப்புக் கொள்கையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். உரிமை இல்லாதவனிடம் பொய் சொல்லலாம் என்றால், அவனுக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிப்பது யார்? பொய் சொல்லப் போகிறவன்தானே! உலகத்தில் பொய் சொன்ன அத்தனை பேரும் எதிரில் இருப்பவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லை என்று ஏதோ ஒரு கணத்தில் நம்பியவர்கள்தான். கணக்கை மறைக்கும் கம்பெனி, நோயை மறைக்கும் உறவினர், தகவலை மறைக்கும் அரசாங்கம், எல்லோருக்கும் இந்த விதி தாராளமாகப் போதும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த வகை ஓட்டை நல்ல பழக்கம். யாருக்கு அனுமதி என்பதைச் சரிபார்க்கும் பொறுப்பை, அனுமதி கேட்டு வருகிற நிரலிடமே கொடுத்துவிட்டால் அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. காண்ட் இந்த ஓட்டையைச் சரியாகப் பிடித்துவிட்டார். சிரிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்வதே இல்லை.

அடுத்த வாதம்தான் அவருக்கே வினையாகிறது. நீ பொய் சொன்னாய், ஆனால் உனக்குத் தெரியாமல் நண்பன் பின்வாசல் வழியாக வெளியேறிவிட்டான், திரும்பிப் போகிற கொலைகாரன் தெருவில் அவனைப் பார்த்துக் கொன்றுவிட்டான். இப்போது அந்தச் சாவுக்கு நீ பொறுப்பு. மாறாக உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் வீட்டுக்குள் தேடும் நேரத்தில் அக்கம்பக்கத்தார் வந்து பிடித்திருக்கலாம். படித்தவர்கள் இங்கே புருவம் உயர்த்துவார்கள். விளைவுகளைப் பார்க்காதே என்று வாழ்நாள் முழுவதும் சொன்னவர், அதுவும் சினிமா கிளைமாக்ஸ் மாதிரி ஒரு விளைவைக் கொண்டு வந்து வாதாடுகிறாரே?

அவர் உண்மையில் பேசுவது விளைவைப் பற்றி இல்லை, விளைவை யார் கணக்கில் எழுதுவது என்பதைப் பற்றி. விதிப்படி நடந்தவனுக்கு நேர்வதெல்லாம் தற்செயல், விதியைத் தாண்டியவனுக்கு நேர்வதெல்லாம் அவன் பொறுப்பு. இந்த உணர்வும் நமக்குப் பழக்கமானதுதான். அனுமதி பெற்ற வழிமுறைப்படி மாற்றம் செய்து சர்வர் விழுந்தால் அது சம்பவம், ராத்திரியோடு ராத்திரியாக யாரிடமும் சொல்லாமல் கைவைத்து விழுந்தால் அது உங்கள் தலை. அலுவலக நடைமுறைக்கு இது சரி. ஆனால் ஒரு மனிதன் தன் மனசாட்சிக்கு இதையே நடைமுறையாக வைத்துக்கொண்டால்? பொய்யர் தன் பொய்யின் கடைசி வட்டி வரை கட்டுகிறார். உண்மை சொன்னவர் ஒரு பைசா கட்டுவதில்லை. நண்பன் செத்தாலும் அது தற்செயல். இப்படி ஒரு பக்கம் மட்டுமே செலவு எழுதும் கணக்குப் புத்தகம் எனக்கு உறுத்துகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வேண்டியிருக்கும்.

பொய் சொல்வது, காட்டிக்கொடுப்பது, இந்த இரண்டைத் தவிர வேறு வழியே இல்லையா? காண்ட்டுக்கு 1400 ஆண்டுகள் முன்பே அகஸ்டின் பொய் பற்றிய தன் நூலில் ஒருவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற ஊரின் பிஷப், பெயர் ஃபிர்முஸ். தன்னிடம் அடைக்கலம் வந்த ஒருவனை ஒளித்து வைத்தார். பேரரசரின் ஆட்கள் வந்து கேட்டபோது, என்னால் பொய்யும் சொல்ல முடியாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது என்றார். சித்திரவதை செய்தார்கள், சொல்லவில்லை. கடைசியில் பேரரசர் முன்னால் நிறுத்தப்பட்டு, அவனுக்கு மன்னிப்பும் வாங்கிக் கொடுத்தார். அகஸ்டினும் காண்ட் மாதிரியே எந்தப் பொய்யும் கூடாது என்ற கட்சிதான். ஆனால் அவருடைய உதாரணத்தில் உண்மைக்கு விலை கொடுப்பவர் உண்மை பேசுகிறவரே. காண்ட்டின் உதாரணத்தில் விலை கொடுப்பது உள்ளே ஒளிந்திருக்கும் நண்பன். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். (வள்ளுவரின் வாய்மை அதிகாரமும் அரிச்சந்திரனும் இந்நேரம் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். அது தனிப் பதிவுக்கான விஷயம், இங்கே கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.)

பதில் சொல்லியே ஆகவேண்டும், தப்பிக்க வழியில்லை என்ற நிலையைத்தான் காண்ட் பேசுகிறார். மௌனம் சாத்தியம் என்றால் அவருக்கு மௌனத்தில் எந்த ஆட்சேபமும் கிடையாது. சொல்லப்போனால் மௌனத்தையும் பாதி மௌனத்தையும் அவர் நன்றாகவே பயன்படுத்தியவர். 1794-ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் வில்லியம், மதம் பற்றி காண்ட் எழுதியவற்றுக்காக அவரைக் கண்டித்து உத்தரவு அனுப்பினார். மாட்சிமை தங்கிய தங்களின் விசுவாசமுள்ள குடிமகனாக, இனி மதம் பற்றி எழுதவோ பேசவோ மாட்டேன் என்று காண்ட் வாக்குக் கொடுத்தார். 1797-ல் மன்னர் இறந்தார். 1798-ல் காண்ட் மதம் பற்றிய தன் கருத்துகளுடன் புத்தகம் வெளியிட்டார். முன்னுரையில் விளக்கமும் கொடுத்தார்: தங்களின் குடிமகனாக என்ற சொற்களை யோசித்தேதான் போட்டேன், அந்த மன்னர் உயிரோடு இருக்கும் வரை மட்டுமே அந்த வாக்கு என்னைக் கட்டும்!

இதைப் போலித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். பொய் வேறு, முழுவதையும் சொல்லாமல் இருப்பது வேறு என்பது அவருடைய கொள்கையிலேயே இருக்கிறது. எனக்கு வேறொன்று படுகிறது. சொற்களைத் தராசில் நிறுத்துப் பார்த்துப் போடத் தெரிந்த பேராசிரியருக்குப் பொய்யே சொல்லாமல் வாழ்வது சாத்தியம். ராத்திரி கதவைத் திறக்கும் சாதாரண ஆளுக்கு அந்த வசதி இல்லை. எல்லோருக்கும் பொருந்தும் விதி என்று சொல்லி எழுதியது, நடைமுறையில் சொல்வன்மை உள்ளவர்களுக்கு மட்டும் இலகுவாக இருக்கிறது.

மில் பக்கம் போனால் நிம்மதியா? பெரிதாக இல்லை. பயன்முதல்வாதத்தை விளக்கி எழுதிய நூலில் அவர் வாய்மை பற்றிப் பேசுவது கொஞ்ச இடத்தில்தான். மனிதர்கள் பேச்சை நம்பலாம் என்ற நிலை சமூகத்துக்கு மிகப் பெரிய நன்மை, ஆனால் கெட்டவனிடமிருந்து தகவலை மறைக்கலாம், கடுமையான நோயாளியிடம் கெட்ட செய்தியை மறைக்கலாம் என்கிறார். விதிவிலக்கின் எல்லை தெளிவாக இருக்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். எல்லோரும் ஏற்கும் பதில், அதனாலேயே யாரும் அதைப் பற்றிச் சண்டை போடுவதில்லை. அவருக்குப் பின் வந்த சிட்ஜ்விக் 1874-ல் இதை நேர்மையாகக் கடைசி வரை கொண்டுபோனார்: சில விதிவிலக்குகள் சரியாக இருக்கலாம், ஆனால் அவை சரி என்பது ஊருக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது. விவரம் தெரிந்த சிலருக்கு ஒரு அறம், மற்றவர்களுக்கு வேறொன்று. பெர்னார்ட் வில்லியம்ஸ் பிற்பாடு இதற்குக் காலனி ஆட்சியின் கவர்னர் மாளிகையை நினைவூட்டும் ஒரு கேலிப் பெயர் வைத்தார். ஆளப்பட்டவர்களாகிய நமக்கு அந்தக் கேலி இன்னும் நன்றாகவே புரியும்.

இனி கடிதங்கள்.

ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் ஒரு தொழிலதிபர் குடும்பம். அண்ணன் ஃபிரான்ஸ் பால் ஃபான் ஹெர்பர்ட் காண்ட் மீது பைத்தியமாக இருந்தவர், காண்ட்டைப் படிப்பதற்காகவே யேனா நகருக்குப் போய்த் தங்கியவர். வீட்டில் எந்நேரமும் காண்ட் பற்றிய பேச்சு. தங்கை மரியாவும் படித்தார். 1791 ஆகஸ்டில் அவர் கோனிக்ஸ்பெர்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பக்தர் கடவுளைக் கூப்பிடுவது போல உங்களைக் கூப்பிடுகிறேன் என்ற தொனியில் தொடங்குகிறது. விஷயம் இதுதான். அவர் ஒருவரை நேசித்தார். நீண்ட காலம் அவரிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தார், பிறகு தானே சொல்லிவிட்டார். அந்த மனிதர் கௌரவமானவர், நட்பை முறித்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்பு போய்விட்டது. உங்கள் நூல்களைப் படித்திருக்காவிட்டால் இந்நேரம் உயிரை விட்டிருப்பேன், உங்கள் கோட்பாடுதான் என்னைத் தடுக்கிறது, எனக்கு ஆறுதல் சொல்லுங்கள் அல்லது என்னைக் கண்டியுங்கள் என்று கேட்கிறார்.

காண்ட் 1792 வசந்த காலத்தில் பதில் எழுதினார். அக்கறையான, நீளமான பதில். முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு அந்த வயதில், அந்த வேலைச் சுமையில் இவ்வளவு எழுதினாரே என்று முதலில் மரியாதைதான் வருகிறது. ஒளிவுமறைவு வேறு, பொய் வேறு என்று பிரிக்கிறார். மிக நெருங்கிய நண்பர்களிடம்கூட முழுக்கத் திறந்து பேச மனிதர்களால் முடிவதில்லை என்று கனிவாகச் சொல்கிறார். பிறகு ஒரு கூரான கேள்வி போடுகிறார்: நீ வருந்துவது பொய் சொன்னதற்காகவா, அல்லது உண்மையைச் சொன்னது புத்திசாலித்தனமில்லை என்பதற்காகவா? இரண்டாவது என்றால், உன் கடமையைச் செய்ததற்காக அல்லவா நீ வருந்துகிறாய்! அவர் உண்மையானவர் என்றால் நாளடைவில் அன்பு திரும்பும். திரும்பாவிட்டால் அது எப்படியும் நிலைக்காத அன்புதான். பிரசங்கத்தில் வருவது மாதிரி போதனை, கண்டனம், ஆறுதல் என்று மூன்று பகுதி, முதல் இரண்டில் அதிகக் கவனம் வைக்கச் சொல்கிறார்.

மரியாவின் இரண்டாவது கடிதம் 1793 ஜனவரியில் எழுதப்பட்டது. அறவியல் வரலாற்றில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் தொந்தரவு செய்த பக்கங்கள் இவை. தொனி முற்றிலும் மாறிவிட்டது. அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. பார்வை தெளிந்துவிட்டது என்கிறார். உள்ளும் புறமும் ஒரு வெறுமை, தானே இந்த உலகுக்கு உபரி என்ற எண்ணம். எதன் மேலும் ஆசை இல்லை. பாடங்கள் படித்துப் பார்த்தார், அதிலும் ஒட்டவில்லை. பிறகு ஒன்று சொல்கிறார், தலைக்கனம் என்று நினைக்காதீர்கள் என்ற முன்குறிப்போடு: அறவிதி கேட்பதைச் செய்வது எனக்கு மிக எளிதாக இருக்கிறது, அது இரண்டு மடங்கு கேட்டாலும் செய்துவிடுவேன். ஏனென்றால் விதிக்கு எதிராக இழுக்கும் ஆசைகளே என்னிடம் இல்லை.

இங்கே காண்ட்டின் 1785 நூலைத் திறக்க வேண்டும். அறநெறி மெய்யியலுக்கு அடித்தளம் போடும் அந்தச் சின்னப் புத்தகத்தில், ஒரு செயலுக்கு எப்போது அறமதிப்பு உண்டு என்று விளக்க ஒரு மனிதரைக் காட்டுகிறார். துன்பத்தால் வாழ்க்கையில் ருசி முழுக்கப் போய்விட்டது, சாவையே விரும்புகிறார், ஆனாலும் ஆசையாலோ பயத்தாலோ அல்லாமல் கடமைக்காக மட்டும் உயிரைக் காத்துக்கொள்கிறார். உயிரைப் பேணுவதை எல்லோரும் செய்கிறோம், அதில் பெருமை ஒன்றுமில்லை. இந்த மனிதர் செய்யும்போதுதான் அதற்கு அறமதிப்பு வருகிறது. அடுத்த உதாரணமும் இதே குடும்பம்: சொந்தத் துக்கத்தால் பிறர்மேல் இரக்கமே வற்றிப்போன ஒருவர், அந்த மரத்துப்போன நிலையிலிருந்து தன்னைப் பிய்த்துக்கொண்டு வந்து, கடமை என்பதற்காக மட்டும் உதவுகிறார்.

மரியா எழுதியதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். புத்தகத்தில் இருந்த உதாரணம் எழுந்து உட்கார்ந்து, பேனா எடுத்து, ஆசிரியருக்கே கடிதம் எழுதியிருக்கிறது. நீங்கள் சொன்ன ஆள் நான்தான், எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன், இப்போது என்ன? அவர் விதியை மீற அனுமதி கேட்கவில்லை. கோன்ஸ்தான் மாதிரி விதிவிலக்கும் கேட்கவில்லை. விதிக்கு முழுக்க உட்பட்டபின் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். கேட்கும் விதமும் அழகு. கோனிக்ஸ்பெர்குக்கு வந்து பார்க்க ஆசை என்கிறார். உங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது, கல்யாணம் செய்துகொள்ளவோ யாருக்காவது மனதைக் கொடுக்கவோ உங்களுக்குத் தோன்றவே இல்லையா என்று விசாரிக்கிறார். அவரிடம் காண்ட்டின் அச்சுப் படம் ஒன்று இருந்தது. அதில் ஆழ்ந்த அமைதி தெரிகிறது, ஆனால் நூல்களில் இருக்கும் அந்தக் கூர்மை தெரியவில்லை என்று விமர்சனம் வேறு. பக்தை எழுதும் கடிதம் இல்லை இது, சமமானவர் எழுதுவது.

காண்ட் பதில் எழுதவில்லை.

அவர் செய்தது வேறு. இரு தரப்புக்கும் நண்பரான எர்ஹார்ட் என்ற மருத்துவர், மரியா காதலில் தரைதட்டிய கப்பல் என்ற பொருளில் அவருடைய பழைய உறவு பற்றி காண்ட்டுக்கு எழுதியிருந்தார். 1793 பிப்ரவரியில் காண்ட், மரியாவின் இரண்டு கடிதங்களையும் எர்ஹார்ட்டின் கடிதத்தையும் சேர்த்து, தன் ஆங்கிலேய நண்பரும் வணிகருமான மதர்பியின் மகள் எலிசபெத்துக்கு அனுப்பிவைத்தார். வந்த வரிசைப்படி மேலே எண் போட்டிருக்கிறேன், இந்தச் சின்னக் கனவுப்பித்துக்குத் தேதி போடத் தோன்றவில்லை என்று ஒரு குறிப்பு. இப்படிப்பட்ட மனப்பிறழ்வுகளுக்கு எச்சரிக்கையாக இதைக் காட்டவேண்டிய தேவை உனக்கு இல்லை, நீ நன்றாக வளர்க்கப்பட்ட பெண், ஆனாலும் உன் அதிர்ஷ்டத்தை நீ உணர இது உதவும் என்ற பொருளில் இன்னொரு குறிப்பு.

மனிதரை ஒருபோதும் கருவியாக மட்டும் நடத்தாதே என்று எழுதிய கை, ஒரு பெண்ணின் அந்தரங்கக் கடிதத்தை இன்னொரு பெண்ணுக்குப் பாடமாக எடுத்து நீட்டியது. இதைத் தத்துவ உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ரே லாங்டன், 1992-ல் எழுதிய கட்டுரையில். முதல் பதிலில் காண்ட் மரியாவை வாதிக்கத்தக்க மனிதராக நடத்தினார், இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு கையாளவேண்டிய ஒரு கேஸாக ஆக்கிவிட்டார் என்பது அவர் வாதம். இதை நான் அப்படியே ஏற்கிறேன். லாங்டன் இன்னும் ஒரு படி போகிறார். கொலைகாரனிடம் பொய் சொல்லலாம் என்பதற்குக் காண்ட்டின் கொள்கைகளுக்குள்ளேயே இடம் இருக்கிறது என்று கிறிஸ்டின் கார்ஸ்கார்ட் 1986-ல் காட்டியிருந்தார். அதையொட்டி, மரியாவும் உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று லாங்டன் சொல்கிறார். ஒரு பெண்ணின் பழைய உறவை அந்தக் காலம் எப்படி மதிப்பிட்டது என்று யோசித்தால் அதில் பெரிய நியாயம் இருக்கிறது. ஆனால் எனக்கு அது கேள்வியை மறுபடியும் வாசலுக்கே இழுத்துக்கொண்டு போவதாகப் படுகிறது. பொய் சொல்லலாமா கூடாதா என்ற விவாதத்தை மரியா இரண்டாவது கடிதத்தில் தாண்டிவிட்டார். உண்மையைச் சொன்னது தப்பு என்று அவர் அங்கே புகார் செய்யவில்லை.

விதிகளைச் சோதிக்க நாம் எப்போதும் எல்லைகளுக்கு ஓடுகிறோம். கொலைகாரன் கதவைத் தட்டினால்? டிராலி தண்டவாளத்தில் ஐந்து பேர் இருந்தால்? என் தொழிலில் இது அன்றாட வேலை, விளிம்புநிலை உள்ளீடு கொடுத்து நிரல் விழுகிறதா என்று பார்ப்பது. ஆனால் விளிம்பில் எதுவும் விழாமல், எல்லாச் சோதனையும் பச்சை காட்டி, அதைப் பயன்படுத்துகிறவர் வாழ முடியாமல் போனால் அதை எந்தச் சோதனை பிடிக்கும்? காண்ட்டிடம் இதற்கு ஒரு பதில் இருக்கவே செய்கிறது, 1788 நூலில். அறமும் மகிழ்ச்சியும் சேர்ந்ததுதான் முழுமையான நன்மை, அந்தச் சேர்க்கையை நம்புவதற்குத்தான் கடவுளும் ஆன்மாவின் அழியாமையும் என்கிறார். அதாவது, பிறகு கிடைக்கும். மரியா கேட்டது இந்த மாதம், இந்த வருடம் பற்றி. அரிஸ்டாட்டிலிடம் கேட்டிருந்தால் நட்பு இல்லாத வாழ்க்கையை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்றாவது தொடங்கியிருப்பார். அவருக்கு நட்பு அறவியலுக்கு வெளியே இருக்கும் ஆறுதல் பரிசு அல்ல, பத்துப் புத்தகங்களில் இரண்டு முழுக்க அதற்குத்தான். காண்ட்டும் நட்பைப் பற்றி அருமையாக எழுதியிருக்கிறார், தினமும் மதியம் விருந்தினர் இல்லாமல் சாப்பிடப் பிடிக்காத மனிதர் அவர். ஆனால் அது அறமதிப்பின் கணக்கில் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் அந்த இரண்டாவது கடிதம் அவருக்குப் பிதற்றலாகத் தெரிந்திருக்காது.

மரியா 1794-ல் மூன்றாவது முறையாகவும் எழுதினார், சாவை நோக்கிய தன் மனதைப் பற்றித்தான். 1803-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கும் காண்ட்டின் பதிலின்மைக்கும் முடிச்சுப் போடுவது அநியாயம், நடுவில் ஒன்பது வருடங்கள் இருக்கின்றன, ஒரு மனிதரின் சாவுக்கு ஒரே காரணம் சொல்லவும் கூடாது. நான் கேட்பது அவர் எழுத்தைப் பற்றி மட்டும். 1797-ல் கோன்ஸ்தானுக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது, உண்மை சொன்னதால் எல்லாவற்றையும் இழந்த ஒருவரின் கணக்கு அவர் கையில் ஏற்கனவே இருந்தது. கட்டுரையில் பொய்யால் வரும் கேடுக்கு உதாரணம் இருக்கிறது, பின்வாசல் வழியாக நழுவும் நண்பன், தெருவில் நடக்கும் கொலை. உண்மை சொன்னவருக்கு ஆகும் செலவு என்று ஒரு வரி கிடையாது. அந்தக் கணக்கு எண் போடப்பட்டு, எலிசபெத் மதர்பி வீட்டுக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.